எமன் வர மூணு மணி ஆகும்

நாடக நோட்டீஸில் யார் படம் எத்தனை பெரிது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நடுவில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும். அவர்களை ஒட்டி பபூனும் டான்ஸும். அடிவரிசையில், முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். அரை அங்குலம் பிசகினாலும் அச்சகத்துக்குப் போன் வந்துவிடும். மாசி பிறந்ததிலிருந்து ஆடி முடிகிறவரை புதுக்கோட்டையில் எங்கள் அச்சகத்துக்கு இதுதான் பிழைப்பு. திருமயம் பக்கம் முளைப்பாரி, அறந்தாங்கி பக்கம் பூச்சொரிதல், எங்கே என்ன திருவிழா என்றாலும் ராத்திரிக்கு வள்ளி திருமணம். பெயருக்கு முன்னால் போடுகிற பட்டமும் எங்கள் கையில்தான் இருந்தது. ஒருவர் தனக்கென்று எதுவும் சொல்லவில்லை என்றால், போன வருஷத்து நோட்டீஸைத் தேடி இன்னொருவருடைய பட்டத்தை எடுத்துப் போட்டுவிடுவோம். அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. படத்தின் அளவுக்குத்தான் கோபம்.

நான் அங்கே டைப் அடித்து லேஅவுட் போடுகிற ஆள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். குடுமியான்மலைக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவன். பாறையில் ஸ்வரங்களை வெட்டிவைத்திருக்கிற மலை அது. அதன் நிழலிலேயே வளர்ந்தும் எனக்கு ஸ எது, ரி எது என்று தெரியாது. ப்ரூஃப் பார்க்க வருகிறவர்களில் வயதான ஆர்மோனியக்காரர் ஒருவர் உண்டு. தன் படம் சின்னதாக வருவதில் அவருக்கு வருத்தமில்லை, ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒருநாள் நான் பாட்டுக்கு விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை கட்டை தம்பி?” என்றார்.

“தெரியாதுண்ணே.”

“தெரியாம எப்படிப் பாடுறே?”

“பாடலண்ணே, சும்மா முனகினேன்.”

“முனகுறதுக்கும் கட்டை உண்டுப்பா.”

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். எந்தக் கட்டையை ஸட்ஜமமாக வைத்து ஒருவர் பாடுகிறாரோ அது அவருடைய கட்டை. சாதாரண ஆண்குரல் ஒன்று, ஒன்றரையில் நிற்கும். பெண்குரல் ஐந்து, ஐந்தரை. இசை நாடக மேடையில் ஆண்களும் நாலு, நாலரை என்று ஏறிப் பாடுவார்கள். மைக் இல்லாத காலத்தில் மந்தையின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் விருத்தம் போய்ச் சேர வேண்டுமே, அதற்காக ஏறிய சுருதி. மைக் வந்த பிறகும் அது இறங்கவில்லை. ஜனங்களின் காது அங்கேயே பழகிவிட்டது. எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய இசைத்தட்டுகளைக் கேட்டால் தெரியும், எந்த உயரத்தில் நின்றுகொண்டு அந்த மனிதர் விளையாடுகிறார் என்று.

கிட்டப்பாவை ஏன் சொல்கிறேன் என்றால், பயிற்சி இல்லாமல் மேடைக்கு ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் அவரைத்தான் துணைக்கு அழைப்பார்கள். ‘கிட்டப்பா எந்தக் குருவிடம் சிட்சை பெற்றார்? கே.பி. சுந்தராம்பாள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்?’ நானும் வீட்டில் இந்த வாதத்தை வைத்தேன். என் மனைவி பதில் சொல்லவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. கிட்டப்பா பால் மணம் மாறாத வயதில் மேடை ஏறியவர். 27 வயதில், 1933இல், செத்தே போனார். கொடுமுடிச் சிறுமியாக சுந்தராம்பாள் ரயிலில் பாடியதாகச் சொல்கிற கதையிலும் அவளுக்குப் பத்து வயது ஆகியிருக்காது. குரு வைத்துப் படிக்கவில்லை என்பது வேறு, படிக்கவே இல்லை என்பது வேறு. தினமும் ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை நடந்த பள்ளிக்கூடம் அவர்களுடையது.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் எழுதியிருப்பதைப் படித்தால் அந்தப் பள்ளிக்கூடத்தின் கண்டிப்பு தெரியும். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு ஆறு வயது. பாட்டு, வசனம், நிற்பது, நடப்பது எல்லாம் அங்கேதான். பையன்களுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது: மகரக்கட்டு. குரல் உடைகிற பருவம் வந்து தொண்டை கட்டிக்கொண்டால், நேற்றுவரை கைதட்டு வாங்கிய ராஜபார்ட் நாளைக்கு ஓரமாக நிற்க வேண்டியதுதான். திரும்பக் குரல் வந்தால் அதிர்ஷ்டம்.

ஆர்மோனியக்காரர் இதைத்தான் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். “உனக்கு உடைய வேண்டியதெல்லாம் எப்பவோ உடைஞ்சிருச்சு. இனிமே ஒண்ணும் ஆகாது. இருக்கிறதை வெச்சுக்கிட்டுப் பாடு.”

இருக்கிறது என்ன என்று பார்க்க அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அச்சகம் முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல். சீசனில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். ஆவணி, புரட்டாசி மழைக்காலம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஸரளி வரிசையை அவர் தொடவே இல்லை. துருத்தியை ஒரு கையால் அசைத்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, குரல் எந்த இடத்தில் கீறுகிறது என்று மட்டும் கேட்டார். எனக்கு ஒரு கட்டை. அதை வைத்துக்கொண்டு நாலு கட்டை மேடையில் என்ன செய்வது என்று நான் சோர்ந்துபோனேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு கட்டைக்கு மத்யமம் நாலு கட்டை. ‘உன் மத்யமத்தை ஸட்ஜமம்னு வெச்சுக்க’ என்றார். கச்சேரி வித்வானுக்கு மேல் பஞ்சமம்வரை போயாக வேண்டும், நாடகப் பாட்டில் பல மேல் ஸட்ஜமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். எனவே எத்தனை கட்டை என்பதைவிட பாட்டு எந்த இடத்தில் உச்சிக்குப் போகிறது, எத்தனை நேரம் அங்கே நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு. நிற்கிற பாட்டை விட்டுவிடு, தொட்டுவிட்டு இறங்குகிற பாட்டை எடுத்துக்கொள். எந்த சபாவில் இப்படிக் கற்றுக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வயதுக்காரனுக்கு இதைவிட உபயோகமான பாடம் வேறு கிடையாது.

தாளம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஆதி தாளத்தைத் தொடையில் தட்டிவிடலாம். பாட்டு தாளத்தோடு சேர்ந்து ஆரம்பித்தால் பிரச்சினை இல்லை. அரை இடம் தள்ளி எடுப்பு என்றால் போச்சு; சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறியவர்கள் யோசிக்காமல் எடுக்கிற இடத்தை நான் எண்ணிக்கொண்டே கோட்டைவிடுவேன். கடைசியில் மிருதங்கக்காரர்தான் வழி சொன்னார். “எண்ணாதீங்க தம்பி. என் வலது தோளைப் பாருங்க.” அது இறங்கும்போது மூச்சு வாங்கினால் எடுப்பு சரியாக விழும். இன்றைக்கும் புது ஊர் மேடையில் ஏறினால் மிருதங்கம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்றதெல்லாம்.

விருத்தத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தாளமே கிடையாது. ராகத்தைப் பிடித்துக்கொண்டு சொல் தெளிவாக, நிதானமாகப் பாடலாம். “அப்ப விருத்தம் நெறைய இருக்கிற வேஷமாப் பாரு” என்றார் ஆர்மோனியக்காரர். சத்தியவான் சாவித்திரியில் எமன் என்று முடிவானது.

சின்ன வயதில் எமனை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர் மந்தையில் அம்மா பாய் விரித்து, போர்வை, சீடை, தண்ணீர்ச் செம்பு எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவாள். பத்து மணிக்கு பபூன் வருவார். பிறகு டான்ஸ். அவர்கள் பேசுகிற பேச்சுக்குப் பெரியவர்கள் சிரிப்பார்கள், நாங்களும் காரணம் தெரியாமல் சிரிப்போம். அப்புறம் காட்டு சீன் தொங்கும், தர்பார் சீன் தொங்கும், எனக்குக் கண் சொக்கும். “எமன் வந்தா எழுப்பும்மா” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டுப் படுப்பேன். “எமன் வர மூணு மணி ஆகும், நீ தூங்கு” என்பாள். எழுப்ப மாட்டாள். பயந்துவிடுவேன் என்று நினைத்தாளோ, நாடகத்தில் மூழ்கி மறந்தாளோ. அரைத்தூக்கத்தில் ஒரு பெண்குரல் அழுது பாடுவது மட்டும் கேட்கும். எமன் குரல் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

சங்கரதாஸ் சுவாமிகளே எமன் வேஷம் கட்டியவர். அந்த வேஷத்தைக் கண்டு பயந்து ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் கலைந்துபோனதாகவும், அதோடு அவர் அரிதாரம் பூசுவதையே விட்டு வாத்தியாராக மட்டும் இருந்துவிட்டதாகவும் சொல்வார்கள். நாடகக்காரர்கள் வாயில் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாக இருக்கும். சிலர் எமன் என்பார்கள், சிலர் சனீஸ்வரன் என்பார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் பிடித்த பகுதி அது இல்லை. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இருபத்துநாலு வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார் என்பதுதான். அன்றைய கணக்குக்கு அது பிந்திய வயது. யாப்பு தெரியும், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்திருந்தார். தாளமும் சந்தமும் கைவந்தது எங்கள் புதுக்கோட்டையில். கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளை அவரைப் பிள்ளைபோல வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். அதாவது, வேலையில் இருந்த ஒரு கணக்குப்பிள்ளை, வளர்ந்த பிறகு, இந்த ஊருக்கு வந்து தாளம் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார். இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

ஏறத்தாழ அதே சமயத்தில், 1891இல், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் மாலையில் கூடி நாடகம் போட்டார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட அதில் நடித்திருக்கிறார். அவர்களும் பயிற்சி இல்லாமல் வந்தவர்கள்தான். அவர்களுக்கு அமெச்சூர் என்று பெயர் கிடைத்தது, மரியாதையும் கூடவே வந்தது. எங்கள் பக்கத்தில் அதே காரியத்தைச் செய்தால் கூத்தாடி. என் மாமனார் வீட்டுக்கு விஷயம் தெரிந்தபோது, “அச்சாபீஸ்ல சம்பளம் குறைச்சலா?” என்றுதான் கேட்டார்கள். சம்பளத்துக்காக இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். சும்மா இருந்துவிட்டேன்.

ஆனால் பம்மலாரின் வழி எனக்கு உதவாது. அவர்கள் மாசக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது. கம்பெனி என்று ஒன்றும் இல்லை. ஊர்க்காரர்கள் ஏஜென்டைப் பிடித்து, மதுரையிலிருந்து ஒரு ஸ்திரீபார்ட், காரைக்குடியிலிருந்து ஒரு ராஜபார்ட், திண்டுக்கல்லிலிருந்து ஒரு பபூன் என்று ஆளாளுக்குத் தேதி வாங்கிவிடுவார்கள். பஸ்ஸிலோ காரிலோ வந்து இறங்கி, ராத்திரி ஒன்பது மணிக்கு ஓலைத்தட்டிக்குப் பின்னால் முதல்முதலாக முகம் பார்த்துக்கொள்கிற நாடகமும் உண்டு. பழைய கம்பெனிகள் கலைந்து நடிகர்கள் தனித்தனியாகப் போனபோது, எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் ஒன்றுபோல மனப்பாடமாக இருந்தது. அதை நம்பித்தான் இந்த ஏற்பாடே ஓடுகிறது. பாடம் பொது, மற்றதெல்லாம் அந்த ராத்திரி.

நான் எமனுடைய பாட்டுகளையும் வசனத்தையும் ஒரு நோட்டில் எழுதி, பச்சை மையில் ராகம், சிவப்பு மையில் எடுப்பு என்று அச்சக வேலைபோலவே சுத்தமாகக் குறித்து எடுத்துக்கொண்டு போனேன். ஆர்மோனியக்காரர் புரட்டிப் பார்த்தார்.

“சாவித்திரி எங்கே?”

“அது நம்ம பாட்டு இல்லியேண்ணே.”

“உன் பாட்டை நீ மறந்தா நான் எடுத்துக் குடுப்பேன். பின்பாட்டுக்காரன் எதுக்கு இருக்கேன்? அவ பாட்டை நீ மறந்தா உனக்கு எப்பப் பேசறதுன்னே தெரியாது. போய் அவளோடதை எழுது.”

எழுதினேன். அச்சகத்தில் வேலை செய்துகொண்டே காதில் போட்டுக் கேட்டேன். இப்போது முழுராத்திரி நாடகங்களே யூடியூபில் கிடைக்கின்றன. ஒரே பாட்டை நாலு சாவித்திரிகள் நாலு விதமாகப் பாடுவதைக் கேட்கலாம். ஒருத்தர் காபியில் எடுப்பார், ஒருத்தர் பழைய பார்சி மெட்டிலேயே நிற்பார். நாலாவது ஆளைக் கேட்கிறபோதுதான் எங்கே அவர்கள் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள் என்று புரிந்தது. அந்த மூச்சில்தான் எமன் நுழைய வேண்டும்.

எமனாக ஏறிய முதல் ராத்திரி, பொன்னமராவதி பக்கம் ஒரு கிராமம். மதுரையிலிருந்து வந்த சாவித்திரி அக்கா கண்ணாடியில் மை தீட்டிக்கொண்டே, “எமன் யாரு, நீங்களா தம்பி? எத்தனை கட்டை?” என்றார்.

“நாலு இழுப்பேங்க்கா.”

“நான் அஞ்சரை. பாட்டு வேணாம், விருத்தமாப் போட்டுட்டு வசனத்துக்கு வந்துருங்க. முடிச்சதும் கதையைக் கீழ வெச்சீங்கன்னா நான் எடுத்துக்கிறேன்.” பேச்சு அவ்வளவுதான். அதுதான் எங்களுடைய ஒத்திகை.

எமன் வர மூணு மணி ஆகும். அதுவரை ஓலைத்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நாடகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நடிகன் ஆனதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த மணிநேரங்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது. முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த அக்காவின் அழுகை தெரியும். பின்னாலிருந்து பார்த்தால், அழுதுகொண்டே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மிருதங்கத்துக்கு விரலால் காலம் சொல்வது தெரியும்.

எமனாக நான் ஏறியதும் சாவித்திரியோடு தர்க்கம் ஆரம்பித்தது. பாடத்தில் உள்ளபடி ரெண்டு சுற்று போனது. மூன்றாவதில் அந்த அக்கா பாடத்தை விட்டு விலகினார். கொஞ்சம் முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “எமதர்மா, யமுனை உன் தங்கைதானே? அவள் தாலியென்றாலும் இப்படித்தான் கயிற்றோடு போய் நிற்பாயா?” என்று கேட்டார். பெண்கள் பக்கமிருந்து சத்தம் எழுந்தது. என்னுடைய நோட்டில் இதற்கு பதில் இல்லை. அவருடைய நோட்டில் அடுத்தது வரம் கேட்கிற பாட்டு. அது எனக்குத் தெரியும். “தங்கை பேரைச் சொல்லிவிட்டாய் தாயே, அண்ணன் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. உன் கணவன் உயிரைத் தவிர ஒரு வரம் கேள்” என்று சொல்லிக் கதையைக் கீழே வைத்தேன். அந்த வார்த்தை முடியுமுன்பே ஆர்மோனியம் அவருடைய பாட்டுக்கான ஸ்வரத்தை இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவர் எடுத்தார்.

காலையில் முகத்தைக் கழுவும்போது அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை என் பக்கம் தள்ளி, “காதுக்குப் பின்னாடி போகலை, நல்லாத் தேய்ங்க” என்றார். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

தொண்டைக்கு அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் வாயில் அடக்கிப் பார்த்திருக்கிறேன். பகலில் நன்றாகத் தூங்குவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. அச்சகத்தில் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு வாய்க்காததும் அதுதான்.

என்னைப் பார்த்து, மேடை ஏற வழி கேட்டுக்கொண்டு வருகிறவர்களும் இப்போது உண்டு. ரேஷன் கடை எடையாளர் ஒருவர், வேன் ஓட்டுகிறவர் ஒருவர். பெண்கள் வருவது அபூர்வம். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்தே கம்பெனி நடத்தி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் குடும்பத்தில் இருக்கிற ஒரு பெண் வளர்ந்த பிறகு மேடைக்கு வர வேண்டுமென்றால் எனக்கிருந்த வழி அவளுக்கு இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆர்மோனியக்காரர் வீட்டுக்கு யார் அனுப்புவார்கள்? போன சீசனில் ஒரு செவிலியர் வந்தார். அருமையான குரல், தானாகவே ஐந்து கட்டையில் நிற்கிற குரல். நோட்டீஸ் போடும்போது, “பேரு மட்டும் போடுங்கண்ணே, படம் வேணாம்” என்றார். ஸ்திரீபார்ட் கட்டத்தில் படம் இல்லாமல் நான் போட்ட ஒரே நோட்டீஸ் அது. அந்த இடத்தில் ஒரு வீணைப் படத்தைப் பெரிதாக வைத்தேன். ராஜபார்ட்காரர் போன் செய்து, வீணை தன்னைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று சண்டை பிடித்தார்.

அடுத்த மாதம் அதே செவிலியர் பவளக்கொடியாக வருகிறார். எனக்குக் கிருஷ்ணன் வேஷம். எமனைப்போல இதில் மூணு மணிவரை காத்திருக்க முடியாது, பாட்டு அதிகம், தாளக்கட்டுப் பாட்டு வேறு. நோட்டில் பவளக்கொடியின் பாட்டுகளை எழுதி முடித்துவிட்டேன். அல்லியுடையதைப் பாதி எழுதியிருக்கிறேன். கிருஷ்ணனை இன்னும் தொடங்கவில்லை.